ஆரஞ்சு என்று முடிவாயிற்று

தோரிகுபோ,
அக்டோபர் 9, வியாழன்

அன்புள்ள ஹிசாயோவுக்கு,

நலம். உன் நலமும் உன் அக்காவின் இடுப்பு எலும்பின் நலமும் அறிய ஆவல்.

நேற்று மாலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, நம் ஊர் மலை மீட்புக் குழுவின் புதிய தலைக்கவசம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்று முடிவாயிற்று. மூன்று கூட்டங்கள், நாற்பத்திரண்டு கோப்பைத் தேநீர், ஒரு ராஜினாமா ஆகியவற்றுக்குப் பிறகு எட்டப்பட்ட இந்த முடிவை முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். மேயருக்கே இன்று மதியம்தான் தகவல் போகிறது. தொலைபேசியில் நான் 'ம்' என்று மட்டும் சொல்வதாக நீ குறைப்பட்டாய். இருபத்தொரு ஆண்டுகள் குழுவின் செயலாளராகக் கூட்டக் குறிப்பு எழுதிய கை இது. பேசச் சொன்னால் வராது, எழுதச் சொன்னால் நிற்காது.

சிவப்பு முதல் கூட்டத்திலேயே விழுந்தது. அது தீயணைப்புப் படையின் நிறம். அவர்களோடு நமக்குக் கயிறிழுக்கும் போட்டி தொடர்பான மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. மஞ்சள், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தொப்பி. வெள்ளை பனியில் தெரியாது, பச்சை காட்டில் தெரியாது. முடிதிருத்தும் தோகாஷி நீலத்தை முன்மொழிந்தார். நீலம் தன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்ற அவருடைய காரணத்தை நான் குறிப்பில் ஏற்றவில்லை. கறுப்பு என்று ஒருவர் சொன்னார். தலைவர் குமாகாய் மதுக்கடையில் குரல் கொடுப்பதுபோலவே கூட்டத்திலும் கொடுப்பவர் அல்லவா, "கறுப்பா? வேட்டைக்காரன் கரடின்னு நெனச்சுச் சுட்டுட்டா யாரு பொறுப்பு? நீ வந்து கையெழுத்துப் போடுவியா?" என்றார். சொன்னவர் அங்கேயே ராஜினாமா செய்தார். தேநீர் வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். மிச்சம் இருந்தது ஆரஞ்சு. மிச்சம் இருந்ததாலேயே அது வென்றது. நம் ஊரில் மேயர்களும் அப்படித்தான் தேர்வாகிறார்கள்.

நம் மகள் மூன்று கூட்டத்துக்கும் தபால் நிலையச் சீருடையோடே வந்தாள். பதினான்கு பேரில் ஒரே பெண். கயிற்றில் இறங்க வேண்டுமென்றால் முதலில் கூப்பிடப்படுகிறவள். கூட்டத்தில் கடைசியாகப் பேசவிடப்படுகிறவள். நேற்று அவள் எழுந்து, "நெறம் எதுவா வேணா இருக்கட்டும் தலைவரே. பக்கவாட்டுல அடி தாங்குமான்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஏம்மா மினோரி, கல்லு மேலேருந்துதான விழும்?" என்றார் குமாகாய். எல்லோரும் சிரித்தார்கள்.

"மேலேருந்துதான் கெளம்பும். பாறையில ரெண்டு தடவ முட்டுனதுக்கப்புறம் தான் எந்தப் பக்கத்துலேருந்து வர்றோம்னு அதுக்கே தெரியாது."

பிறகு தோகாஷியின் பழைய கவசத்தை எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. பதினைந்து வருஷத்துச் சரக்கு. பிளாஸ்டிக்குக்கும் வயதாகும் என்றாள். தோகாஷி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் வயசுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் நிறத்தை விட்டுக்கொடுத்தால் எந்த வகைக் கவசம் என்பதை அவள் விருப்பப்படி சோதித்துப் பார்க்கலாம் என்று ஏற்பாடாகியிருக்கிறது. நம் பெண் பேரம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆகஸ்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு எபோஷி மலை அடங்கவில்லை. காலையில் சோறு சாப்பிடும்போது மேற்குப் பாறையிலிருந்து சத்தம் வருகிறது, மாடியில் யாரோ நாற்காலிகளை இடம் மாற்றுவது போல. நமக்கு மாடி இல்லை என்பது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் கழித்துத்தான் நினைவுக்கு வருகிறது. வெந்நீர் ஊற்றுக் குளியல் நிலையத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. உரிமையாளர் 'சருமத்துக்கு மிகவும் நல்லது' என்று பலகை வைத்திருக்கிறார்.

காகிப் பழங்களை மினோரி தோலுரித்து, காய்வதற்காகக் கூரையோரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். மிசோ விழுதைக் கரைக்கும் சல்லடையை நான் உடைத்துவிட்டேன். இதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்துக்குத் தபால் நிலையத்தில் அவள்தான் முத்திரை குத்துவாள். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவள் ஆகையால் அவளைப் பற்றி மேற்கொண்டு புகழ முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே கடல்காற்று. கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
சல்லடைக்காக வருந்தும்
ஷுன்சாகு

*

தோரிகுபோ,
அக்டோபர் 23, வியாழன்

அன்புள்ள ஹிசாயோவுக்கு,

உன் கடிதமும் உலர்ந்த கணவாயும் வந்தன. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்பது நல்ல செய்தி. சுவரைத் திட்டிக்கொண்டு நடக்கிறார் என்பது இன்னும் நல்ல செய்தி.

இங்கே ஒரு வாரமாகச் சாப்பாட்டில் பூசணிக்காய். அதற்குக் காரணம் விஞ்ஞானம்.

சென்ற வாரம் நகரத்திலிருந்து விற்பனைக்காரர் இரண்டு வகைக் கவசங்களோடு வந்தார். ஒன்று கட்டடவேலைக்காரர்கள் போடுவது. ஓடு கெட்டி, விலை குறைவு. மற்றொன்று மலையேறிகளுடையது, எடை குறைவு, உள்ளே சுற்றிலும் நுரை மெத்தை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு பூசணிக்காயை வைத்துக் கல்லைப் போட்டோம். மேலிருந்து போட்டபோது இரண்டு பூசணியும் பிழைத்தன. குமாகாய், "பாத்தியாம்மா, பாத்தியா?" என்று கட்டடக் கவசத்தைத் தட்டிக்கொடுத்தார். மினோரி கூடைப்பந்து வளையத்தில் கயிறு கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வீசிவிட்டாள். மலையேறிகளுடையதற்குள் இருந்த பூசணி பிழைத்தது. கட்டடக் கவசத்தின் மேல்பகுதியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த பூசணி இரண்டாகப் பிளந்திருந்தது.

குமாகாய் அந்தப் பூசணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உருவம் ஏறக்குறைய அவருடைய தலையை ஒத்திருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. மலையேறிகளின் வகையே வாங்குவது என்று ஒரே மனதாக முடிவாயிற்று. தாடைப் பட்டையும் அதில்தான் நன்றாக இருக்கிறது, விழுந்தாலும் அவிழாது. தையற்காரரின் அளவுநாடாவால் எல்லோர் தலையையும் அளந்தேன். மினோரிக்கு ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். குழுவிலேயே சிறிய தலை. "உள்ளுக்குள்ள இருக்கறதுதான் பெருசு" என்று தோகாஷி சொன்னார். அது பாராட்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஏழாம் எண்.

ஆக, நிறத்தில் விட்டுக்கொடுத்து வகையில் வென்றாள். பதினெட்டாம் தேதிக் கூட்டத்தில் வந்தது நாள் பிரச்சினை.

புதிய கவசங்களை இனாபா பூசாரி மந்திரம் ஓதித் தூய்மை செய்து, மேயர் கையால் ஒவ்வொருவருக்கும் வழங்க வேண்டும். அதற்கு நல்ல நாள் வேண்டும். இருபத்தைந்து நல்ல நாள்தான், ஆனால் மேயர் வெளியூர். அடுத்த நல்ல நாள் முப்பத்தொன்று. இதில் யாருக்கும் மறுப்பில்லை. பழைய கவசங்களோ எரியாத குப்பை. எரியாத குப்பை வண்டி மாதத்தின் நான்காம் புதன்கிழமை மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். நீ உடைந்த அரிசிக் குக்கரோடு மூன்று வாரம் வாழ்ந்தவள். நான்காம் புதன் இருபத்திரண்டு. அன்று போடாவிட்டால் விழாவன்று ஊர் மன்றத்தின் பின்புறம் குப்பைக் குவியலுக்கு முன்னால் மேயர் நின்று படம் எடுத்துக்கொள்ள நேரும். எனவே பழையது இருபத்திரண்டில் போகிறது, புதியது முப்பத்தொன்றில் வருகிறது. கரும்பலகையில் இரண்டு தேதிகளையும் எழுதினேன். மிக ஒழுங்காக இருந்தன.

மினோரி எழுந்து, "பழசக் கழட்டறதுக்கு முன்னாடி புதுசு தலையில இருக்கணும். நடுவுல ஒம்போது நாள் வெறுந்தலையோட போகச் சொல்றீங்களா?" என்றாள்.

"நீதானம்மா பழசு அப்பளமா நொறுங்குதுன்ன?"

"அப்பளமாவது இருக்கட்டுமே தலைவரே. ஒண்ணுமில்லாததுக்கு அப்பளம் மேல்."

"ஒம்போது நாள்தான? மலையேற வர்றவங்க சீசனே முடிஞ்சுபோச்சு. ஒம்போது நாளைக்கு யாரும் தொலஞ்சுபோகாம நான் பாத்துக்கறேன், போதுமா?" என்றார் குமாகாய். சொல்லிவிட்டு, "நேரமாச்சு, கைய எடுங்க" என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

கூட்டம் முடிந்ததற்கு எல்லோரும் சேர்ந்து கையால் ஒரு தட்டு தட்டுவது நம் ஊரில் எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று தெரியவில்லை. அந்தத் தட்டு விழுந்துவிட்டால் அதற்கு முன் பேசியதெல்லாம் சம்மதம். தலைவரின் கை உயர்ந்தால் மற்றவர்கள் கையும் உயரும். தூங்குகிறவர்கூடச் சரியான கணத்தில் தட்டிவிடுவார். பதினான்கு பேரும் தட்டினார்கள். வீடு திரும்பும்போது மினோரி, "நானும் தட்டிட்டேன், பாத்தீங்களாப்பா? கை தானாப் போயிடுச்சு" என்றாள். பிறகு வீடு வரும்வரை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குறிப்பில், 'தேதிகள் குறித்து எதிர்ப்பு எதுவும் இல்லை' என்று எழுதினேன். ஒருவர் எதிர்த்ததாக எழுதினால் விதிப்படி மறுகூட்டம் வைக்க வேண்டும். மறுகூட்டம் வைத்தால் குப்பை வண்டி போய்விடும். தட்டலுக்குப் பிறகு எதிர்ப்பு கிடையாது என்பதும் வழக்கம்தான். சுற்றுப் பலகையில் குறிப்பு வீடு வீடாக வந்தபோது மினோரி தபால் நிலையத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டம்மா பலகையை வாங்கிப்போக வாசலில் நின்றார். நம் மூவரின் பெயர் முத்திரைகளும் ஒரே இழுப்பறையில்தானே இருக்கின்றன? அவளுடையதை எடுத்து, படித்து ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அவள் கட்டத்தில் நானே குத்தி அனுப்பினேன். தபாலில் பொதி வாங்கும்போது செய்வதுதான்.

நேற்று தோகாஷியும் நானும் பதினான்கு பழைய கவசங்களையும் ரம்பத்தால் இரண்டிரண்டாக அறுத்தோம். வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாமலிருக்க நகராட்சியின் விதி. சுலபமாக அறுந்தன. இருபத்தெட்டு அரைமண்டைகளை ஒளிபுகும் பையில் கட்டி வாசலில் வைத்தோம். வண்டிக்காரர் நன்றி சொல்லி எடுத்துப்போனார்.

மினோரி நேற்று என்னோடு பேசவில்லை. பூசணிக்காயினாலும் இருக்கலாம்.

மலை இப்போதெல்லாம் மதியத்திலும் நாற்காலி நகர்த்துகிறது. இரண்டு காட்டாடுகள் ஆரம்பப் பள்ளி வரை இறங்கி வந்து, திரும்பிப் போகாமல் நிற்கின்றன.

அக்காவுக்கு என் வணக்கம். முப்பத்தொன்று கழிந்ததும் நிம்மதியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பூசணி தின்னும்
ஷுன்சாகு

*

தோரிகுபோ, மன்றம்
அக்டோபர் 30, வியாழன், பிற்பகல் 2.40

அன்புள்ள ஹிசாயோவுக்கு,

நாளைதான் எழுதுவதாக இருந்தேன். ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் இன்றே தொடங்குகிறேன்.

இன்று நாட்காட்டியில் 'புத்தர் மறைந்த நாள்', ஆறு நாளுக்கொரு முறை வரும் கெட்ட நாள். யாரும் பெண் பார்க்கவோ வீடு மாறவோ செய்யாத நாள். அதைப் பொருட்படுத்தாமல் கிழவர் ஓகுமா விடியற்காலையில் காளான் பறிக்க எபோஷிக்குப் போயிருக்கிறார். எட்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பதினொரு மணிக்கு அவர் மனைவி மன்றத்துக்கு வந்தார்.

மாட்சுடாகே காளான் முளைக்கும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லக் கூடாது என்பது நம் ஊர் ஆண்களின் ஒரே கொள்கை. எந்தப் பக்கம் போனார் என்று கேட்டால் அந்த அம்மாள், "அம்பது வருஷமா எங்கிட்டயே சொல்லல. சாகும்போது பெரியவன் காதுல சொல்றதா இருந்தாரு, பாவி மனுசன்" என்று அழுகிறார். பெரியவன் பக்கத்தில் நின்று, இடம் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலையும் சேர்த்து அழுகிறான். ஆகவே மலை முழுவதும் தேட வேண்டும். மேற்குப் பாறையின் அடிவாரமும் அதில் சேரும்.

பதினான்கு பேரும் அரைமணியில் கூடிவிட்டார்கள். தலையில் என்ன போடுவது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. குமாகாய் பாலவேலைக்காரர்களிடமிருந்து ஒரு மஞ்சள் கவசம் இரவல் வாங்கினார். தோகாஷி ஸ்கீ விளையாட்டுக் கவசம். இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகள் நிலநடுக்கத்தின்போது போட்டுக்கொள்ளும் பஞ்சு முக்காடு. ஒருவர் மோட்டார் சைக்கிள் கவசத்தோடு வந்து, யார் பேசினாலும் "ஆ? ஆ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூடிய காட்சிதான். சிரித்தோம்.

புதியவை கோவில் அறையில் பதினான்கு பெட்டிகளில் இருக்கின்றன. பூசாரி வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறார். அறைச் சாவி செயலாளரிடம், அதாவது என்னிடம்.

மினோரி வந்து, "அப்பா, சாவி உங்ககிட்டதான இருக்கு?" என்றாள்.

நான் குமாகாயைப் பார்த்தேன். அவர், "நாளைக்குக் காலையில மேயர் வர்றாரும்மா. பட்டையப் பிரிச்சுச் சேறும் சகதியுமா நீட்டுனா நல்லாவா இருக்கும்? அதுவும் இன்னிக்குப் பாத்து மொதமொதல்ல தலையில வெக்கறதா? நீயே சொல்லு" என்றார். பூசாரிக்குத் தொலைபேசி செய்தேன். தனக்கு ஒன்றும் ஆட்சேபமில்லை, குழுவின் விருப்பம் என்றார். குழுவின் விருப்பம் என்ன என்று நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு நம் கொட்டகை நினைவுக்கு வந்தது. அவள் நடுநிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் போகும்போது போட்ட வெள்ளைக் கவசத்தை நீ பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தாயே. ஓடிப்போய் எடுத்து வந்தேன். என் யோசனையில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'இரண்டாம் ஆண்டு, மூன்றாம் பிரிவு, ஹிராபயாஷி மினோரி' என்ற சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. பட்டையை மாட்டிக்கொண்டு, "அட, அப்படியே பொருந்துதுப்பா! அதுக்கப்புறம் என் தல வளரவே இல்ல போல" என்று சிரித்தாள்.

தோகாஷி, "வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

"முடிச்சிட்டேன் சார். அப்பாதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். பலகையைப் பார்த்திருக்கிறாள்.

12.20க்குக் கிளம்பினார்கள். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. உட்காரும்போது குத்துகிறது.

1.30: கிழக்குச் சரிவில் இல்லை. 2.05: ஓடையில் இல்லை. 2.15: மழை தொடங்கியது. 2.30க்கு மினோரி மேற்குப் பாறையின் அடியிலிருந்து, "அப்பா, கேக்குதா? இங்க காளான் வாசன வருது. கெழவர் பக்கத்துலதான் எங்கயோ இருக்கணும்" என்றாள். ரேடியோவில் 'அப்பா' என்று அழைப்பது விதிப்படி தவறு. அதைக் குறிப்பில் 'செயலாளர்' என்று திருத்தி எழுதிக்கொண்டேன்.

மழையில் பாறை ஊறினால்தான்...

மாடியில் மறுபடி நகர்த்துகிறார்கள். இந்தத் தடவை பெரிய சாமான். ரேடியோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். முடித்துவிட்டு எழுதுகிறேன்.

*

தோரிகுபோ,
நவம்பர் 7, வெள்ளி

மருத்துவமனை ஐந்தாம் மாடி, 512ஆம் அறையில் மகளோடு இருக்கும் அன்புள்ள ஹிசாயோவுக்கு,

முப்பதாம் தேதி எழுதியதை அனுப்பவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம். இதில் தபால் முத்திரை கோணலாக விழுந்திருக்கும். தபால் நிலையத்தில் இப்போது வேறு ஆள்.

நேற்று முன்தினம் உன்னை அந்த நாற்காலியில் தனியே விட்டுவிட்டு நான் ஊருக்குப் பேருந்து ஏறியபோது, நீ ஒன்றும் கேட்கவில்லை. விழாவுக்குச் செயலாளர் வேண்டும் என்று நானாகச் சொன்னேன். நீ 'ம்' என்றாய்.

ஓகுமா கிழவரைப் பற்றி நீ விசாரித்தாய் அல்லவா. அன்று மாலையே கிடைத்துவிட்டார். மேற்குப் பாறையில் இல்லை. வடக்கே, தேவதாரு மரங்களுக்குக் கீழே, கணுக்கால் பிசகி, கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். கண்டுபிடித்தவர்களிடம் முதலில், "வெளக்க அணைங்கடா, எடம் தெரியுது" என்றாராம். நேற்று நொண்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். வாசல்படியில் நெற்றி படக் குனிந்தார், எழுந்திருக்கவில்லை. நான்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி மூன்று காளான் வைத்துவிட்டு, அவை எங்கே முளைத்தன என்று சரியான இடத்தை எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனார். காளான்களை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வீடு முழுக்க வாசனை.

முப்பத்தொன்றாம் தேதி விழாவை ஒத்திவைத்தார்கள். அடுத்த நல்ல நாள் நவம்பர் ஆறு, நேற்று. வானம் தெளிவாக இருந்தது. பூசாரி ஓதினார், மேயர் பேசினார். ஆரஞ்சு நிறம் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது. அந்தத் தேர்வில் குறை சொல்ல முடியாது. எண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். ஏழு என்றதும் மேயர் நிமிர்ந்து பார்த்தார். நான் போய் வாங்கிக்கொண்டு வணங்கினேன். ஊர்ச் செய்தித்தாளுக்காகப் படம் எடுத்தார்கள். கவசம் இப்போது அவள் மேசைமேல் இருக்கிறது. உட்பட்டையை ஐம்பத்து மூன்றுக்குத் திருகி வைத்திருக்கிறேன்.

மருத்துவர் பையில் போட்டுக் கொடுத்த வெள்ளைக் கவசத்தையும் பக்கத்தில் வைத்தேன். மேல்பகுதியில் ஒரு கீறல் இல்லை.

விழா முடிந்ததும் குமாகாய் வழக்கம்போல் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். மற்றவர்களும் உயர்த்தினார்கள். அவர் தட்டவில்லை. கைகள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு கீழே போட்டுவிட்டு, "எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா" என்றார். என் அருகில் வந்து, "செயலாளரே, ஒம்போது நாள்னு நான்..." என்று தொடங்கினார். அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. எட்டாம் நாள் வரை அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதும் உண்மைதான்.

பதினெட்டாம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். 'எதிர்ப்பு எதுவும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'ஏழாம் எண் உறுப்பினர் எதிர்த்தார். அவருடைய காரணம் வருமாறு' என்று அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அப்பளம் உட்பட. திருத்தத்துக்கும் பதினான்கு முத்திரைகள் வேண்டும். குமாகாய் நின்றபடியே முதலில் குத்தினார். பலகை நேற்றே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அது சுற்றியதை நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டம்மா பலகையை என் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். அவள் முத்திரை இழுப்பறையில்தான் இருக்கிறது. இழுப்பறையைத் திறந்தேன். மூடிவிட்டேன். பலகை வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஹிசாயோ, கண் திறக்க நாளாகலாம், திறக்காமலும் போகலாம் என்று மருத்துவர் நம் இருவரிடமும்தான் சொன்னார். காது கேட்கிறதா என்று நான் கேட்டதற்கு, தெரியாது, பேசுங்கள் என்றார். நான் அங்கிருந்த ஆறு நாளும் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. பேசச் சொன்னால் எனக்கு வராது. ஆகவே இதை நீ அவள் காதருகே வாசித்துக் காட்டு. வலது காதில். கல் பட்டது இடது பக்கம். இழுப்பறையை அப்பா தொடவில்லை, இனித் தொடமாட்டார் என்று சொல். அவளே வந்து, அவள் கையாலேயே குத்த வேண்டும் என்று சொல். அவசரமில்லை, பலகைக்காக வாசலில் யாரும் நிற்கவில்லை என்றும் சொல்.

நாளை முதல் பேருந்தில் வருகிறேன். காய்ந்த காகிப் பழங்களைக் கொண்டுவருகிறேன். வெள்ளைப் பொடி படிந்து நன்றாக வந்திருக்கின்றன. நீ கொஞ்சம் தூங்கு. நம் இருவரின் மிச்ச ஆயுளில் வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மினோரியின் அப்பா
ஷுன்சாகு

பி.கு. திருத்தத்தில் இதுவரை பதிமூன்று முத்திரைகள் விழுந்துள்ளன. விதிப்படி, பதினான்கும் விழும்வரை பழைய குறிப்பே செல்லும்.